சிரிக்கக் கூடாத நல்ல சேதி

"சிரிக்காதே. அழுற மாதிரியும் வெச்சுக்காதே. பருப்புல கல் பொறுக்குறப்போ ஒரு மூஞ்சி வெச்சிருப்பியே, அது போதும்" என்றார் பிரேம்குமார்.

"கல்யாணி கண்ணு எக்ஸ்ரேங்க. எதையும் மறைக்க முடியாது" என்றாள் அவர் மனைவி கீதாஞ்சலி.

கொல்கத்தா பாலிகஞ்சில் கணவரை ஆட்டோவிலேயே அனுப்பிவிட்டு இறங்கிய பிறகும் அவள் உதட்டுச் சிரிப்பு அடங்கவில்லை. காலையில்தான் நியூ டவுன் டாக்டர் ரிசல்ட்டைச் சொன்னார். அம்மாவுக்கு இருந்த, அல்சைமர் வரும் அபாயத்தைக் கூட்டும் ஜீன் மாற்றம் அவளிடம் இல்லை. நோய் வரவே வராது என்று சத்தியம் செய்ய முடியாதாம். ஆனால் அம்மா வழி வந்த பயத்தை இறக்கி வைத்துவிடலாமாம்.

தெருவுக்கே இனிப்பு கொடுக்கலாம். கூடப் பிறந்த கல்யாணிக்குத்தான் மூச்சுவிடக் கூடாது.

"நீ வேணும்னா டெஸ்ட் பண்ணிக்கோ. எனக்குத் தெரியவே வேண்டாம். உன் மூஞ்சியிலகூடத் தெரியக் கூடாது" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். பெற்ற மகள்களைப் பார்த்தே "நீங்க யாரும்மா?" என்று அம்மா கேட்ட நாளிலிருந்து, சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்தாலும் தனக்கும் வந்துவிட்டதோ என்று கல்யாணி பதறுவாள்.

புச்கா என்று அந்த ஊரில் சொல்லும் பானிபூரி வண்டியருகே காத்திருந்தாள் கல்யாணி. புதிதாக வந்த புச்காக்காரர் குனிந்து உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வந்தியாடி?"

"ம்."

"ரிசல்ட்டைச் சொல்லிடாதே."

"நான் எங்கேடி சொன்னேன்?"

கீதாஞ்சலி கரண்ட் பில்லை நினைத்தாள். மாமியார் ஒரு மாதம் தங்க வருவதை நினைத்தாள். மூஞ்சி மரக்கட்டையாக நின்றது.

கல்யாணி உற்றுப் பார்த்தாள். சட்டென்று, நடுரோடு என்றும் பார்க்காமல், அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதபடியே சிரித்தாள்.

"இல்லதானேடி? நமக்கு அது இல்லதானே?"

"நான் சிரிக்கவே இல்லையேடி!"

"மூக்கு நுனி துடிக்குது. சிரிப்பை அடக்கினா எனக்கும் இப்படித்தான் துடிக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்யாணி குரல் கொடுத்தாள்; அந்த ஊரில் அண்ணன் என்றால் தாதா, அக்கா என்றால் தீதி. "தாதா, எனக்குக் காரம் தூக்கலா போடுங்க."

புச்காக்காரர் நிமிர்ந்தார். ஒரே கண்ணும் ஒரே மூக்கும் ஒரே சிரிப்புமாக நின்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காரம் கேட்டது எந்த தீதி?"

"ரெண்டு பேருக்குமே போடுங்க தாதா" என்றாள் கீதாஞ்சலி.

ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையர் அவர்கள். ஒருத்தியின் ரிசல்ட்டே இருவருக்கும் என்றான பிறகு, காரம் மட்டும் எதற்கு வேறு வேறாக?