தனி அடுப்பு

கணக்கெடுக்க வந்தவர் குனிந்து அடுப்பின் அடியைத் தடவிப் பார்த்தார்.

விரலில் பிசுக்கு ஒட்டியது. பவுனுக்கு மூச்சு வந்தது.

அது அவளுடைய அடுப்பு. இன்னொன்று சேலைத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அது தேசம்மாவுடையது. தேசம்மா அவளுக்கு ஓரகத்தி, புருஷனின் அண்ணன் மனைவி.

தண்டவாளத்தை ஒட்டிய அந்த வரிசை முழுவதையும் இடிக்கப்போகிறார்கள். பின்னால் இருக்கும் பழைய கூட்ஸ் ஷெட்டும் போகிறது. அங்கே கீழே கடைகள், நடுவில் ஆபீஸ்கள், மேலே வீடுகள் என்று பெரிய கட்டடங்கள் வரும். ஓரத்துக் கட்டடம் ஒன்று இந்த வரிசைக்காரர்களுக்கு. தனி அடுப்பு எரிந்தால் தனிக் குடும்பம். குடும்பத்துக்கு ஒரு வீடு.

அறிவிப்பு வந்த வாரம் புது அடுப்புகளாக வந்து இறங்கின. நேற்றுவரை ஒரே தட்டில் தின்ற அண்ணன் தம்பிகளெல்லாம் திடீரென்று தனிக்குடித்தனம் போனார்கள். வந்தவரும் லேசுப்பட்டவர் இல்லை. பளபளத்த அடுப்பையெல்லாம் கணக்கிலிருந்து அடித்தார். பிறகு சொந்தக்காரர் வீட்டுப் பழைய அடுப்புகள் வந்தன. அவற்றையும் அடித்தார்.

அவளுக்கு அந்தப் பயம் இல்லை. இந்த வீட்டில் நடப்பது அசல் சண்டை.

நாலு வருஷம் ஆகிறது. பவுனின் வளைகாப்புக்கு வந்த அவள் அம்மாவை தேசம்மா கடைசிப் பந்தியில் உட்காரவைத்தாள். அன்று சாயங்காலமே அறையின் குறுக்கே சேலையைக் கட்டியாயிற்று. அண்ணனும் தம்பியும் இன்றைக்கும் ஒரே வண்டியில்தான் வேலைக்குப் போகிறார்கள். பெண்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஆறு பேர். இரண்டு வீடு கிடைத்தால் பிள்ளைகள் கால் நீட்டிப் படுக்கும்.

அவர் சேலையை விலக்கினார்.

தேசம்மாவின் அடுப்பு மேல் துவைத்த துணி மடித்துக் கிடந்தது. நகர்த்திவிட்டு விரலை ஓட்டினார். தூசி.

"இது எரிஞ்சு பத்து நாள் இருக்கும்போல. எங்கேருந்தும்மா தூக்கிட்டு வந்தீங்க?"

பத்து நாள்தான். மனுஷன் சரியாகத்தான் சொன்னார்.

பத்து நாளாக தேசம்மாவுக்கு சிக்குன்குனியா. தீப்பெட்டியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. முதல் நாள் இவள் கண்டுகொள்ளாமல் இருந்தாள். மறுநாள் எல்லாருக்கும் சேர்த்தே உலை வைத்தாள். கஞ்சிக் கிண்ணத்தைச் சேலைக்கு அடியில் தள்ளினாள். பேசவில்லை. காலிக் கிண்ணம் திரும்பி வந்தது. அதுவும் பேசாமல்தான்.

இதை இவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் ஒரே அடுப்பு என்று ஆகிவிடும். அவளுக்குப் பொய் சொல்லவும் வராது. நாலு வருஷப் பகையில் வரவிருந்த வீடு பத்து நாள் கஞ்சியில் போகிறதே.

அவர் பேனாவை எடுத்தார்.

"ஏய் பவுனு!"

கட்டிலிலிருந்து தேசம்மா கத்தினாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த வாயில் அவள் பெயர்.

"என் அடுப்பாண்ட உனக்கு இன்னாடி வேல? ஒடம்பு முடியாம கெடக்கேன், கடையில வாங்கித் துன்றேன். உன் கையால ஒரு பருக்க..."

மின்சார ரயில் வந்துவிட்டது.

இந்த வரிசையில் ரயில் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். போன பிறகு விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வார்கள். மூன்று நாளாக இங்கே வந்துபோகும் அவருக்கும் அது பழகியிருந்தது. மூவரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேசம்மா அவளையே பார்த்தாள். பாதி குடித்த கஞ்சிக் கிண்ணத்தைக் குதிகாலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். புருவத்தை உயர்த்தினாள். திருப்பித் திட்டுடி என்று அர்த்தம்.

கடைசிப் பெட்டியும் போயிற்று.

"...துன்னுருப்பனாடி?"

இப்போது அவள் முறை.

கடைசிப் பந்தியில் தொடங்கி ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். ராத்திரி பகலாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்ததுதான். ஒன்றுகூட வாயில் வரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாளே என்றுதான் இருந்தது.

அழுகை வந்தது. தேம்பித் தேம்பி, நிறுத்தவே முடியாமல் வந்தது.

வந்தவர் சங்கடப்பட்டுப்போனார். நோட்டில் இரண்டு என்று எழுதினார். கதவில் சாக்பீஸால் எண்ணைப் போட்டு, பக்கத்தில் அ, ஆ என்று குறித்தார்.

"அழாதம்மா. அங்க போனா தனித்தனிக் கதவு. இந்தம்மா மூஞ்சியில முழிக்கவே வேணாம்."

போய்விட்டார்.

இரண்டு வீடு. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் முழிக்கவே வேணாம் என்றாரே, அது உள்ளே போய்க் குத்தியது. நடுவில் எத்தனை மாடி இருக்குமோ. தேசம்மாவுக்கு நாளைக்கு விரல் மடங்காவிட்டால் கிண்ணத்தை எங்கே தள்ளுவது?

முகத்தைத் துடைத்துக்கொண்டு சந்தில் ஓடினாள். அடுத்த வாசலில் அவரைப் பிடித்தாள்.

"சார், ரெண்டு வீடும் பக்கத்துப் பக்கத்துல கெடைக்குமா?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நோட்டைத் திறந்தார். எழுதிய இரண்டின் மேல் பேனா போய் நின்றது.

"இப்பத்தானேம்மா அப்படி ஒரு சண்ட?"

"ஆமா சார்," என்றாள். "நாளைக்கும் போடணும்ல?"

அவர் அந்த இரண்டை அடிக்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.