பதிலுக்கு முந்திய நன்றி

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மதிய மழை மெல்ல வெயிலாகிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியில் வழியும் நீர்க்கோடுகளின் நிழல் எதிர் மேசை அக்காவின் இலைமேல் நெளிகிறது. சோற்றின் ஆவிக்கு முன்னால் அவர் கைகளைக் கோத்து, கண்களை மூடுகிறார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அதிர்ந்து, மேசைமேல் நண்டுபோல நகர்கிறது. "டாக்டர்தான் மெர்லின்! கட்டி நல்லதா கெட்டதான்னு சொல்லப் போறாரு. எடு லா!" என்று பதறுகிறார் கணவர். "இருங்க, சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிட்டு எடுக்கிறேன்." "ஆண்டவர் காத்திருப்பாரு, டாக்டர் காத்திருக்க மாட்டாரு!" அக்கா கண் திறக்கவில்லை. ரச வாளியோடு வந்தவர் அப்படியே நிற்கிறார். அவர் தலையும் தானாகக் குனிகிறது. சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் வாய்திறந்து பாராட்டாத வியாபாரிகள் நடுவே வளர்ந்த எனக்கு, இது படு நஷ்டமான பேரமாகத் தெரிகிறது. போன் ஓய்கிறது. மோனோரயில் சத்தம் மேலே மிதந்து போனபின், கடையே நீருக்கடியில் இருப்பதுபோல் ஒலி அடங்குகிறது. அக்காவின் உதடுகள் மட்டும் அவசரமில்லாமல் அசைகின்றன. "ஆமென்." கண் திறந்து, போனைக் கணவர் பக்கம் தள்ளுகிறார். "இப்ப கூப்பிடுங்க. அவரு என்ன சொன்னாலும், சொன்ன நன்றிய நான் திருப்பி வாங்க மாட்டேன்." கணவர் எண்ணை அழுத்துகிறார். அக்கா சோற்றைப் பிசையத் தொடங்குகிறார்.