ஒற்றைத் தும்மல்

மறுபடியும் தும்மியது.

சொல்ல வந்த வார்த்தையை அவன் கடித்து விழுங்கினான்.

பூனை பீரோவுக்கடியில் இருந்தது. அவன் தரையில், தொப்பை நசுங்கக் கவிழ்ந்து கிடந்தான். நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் இப்படிக் கிடப்பதை யாராவது பார்த்தால் முதலில் அவனுக்குத்தான் வைத்தியம் பார்ப்பார்கள்.

பூனையின் பெயர் தாசில்தார். வைத்தது அவன்தான். எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் எதையாவது கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

அவன் மனைவி அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "உங்க பூனை" என்பாள். அவ்வளவுதான்.

நேற்று வந்த முதல் தும்மலுக்குச் சிரித்தான். பத்தாவதுக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

பிறகு விசாரணை தொடங்கியது. கொசுவர்த்திச் சுருளைத் தூக்கி வெளியே போட்டான். ஊதுபத்தியை அணைத்தான், சாமி கோபித்துக்கொண்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தன் முகப்பவுடர் மேல் சந்தேகம் வந்து முகர்ந்து பார்த்ததில் அவனுக்குத்தான் வரிசையாகத் தும்மல். பூனை அவனைக் கவலையோடு பார்த்தது.

எல்லாக் குற்றவாளிகளையும் வெளியேற்றியாயிற்று.

தும்மல் நிற்கவில்லை.

காலையில் போன் செய்தபோது டாக்டரம்மா சிரித்தார்.

"தும்மட்டும் சார், தும்முனா ஒண்ணும் ஆயிடாது. புகை, தூசு, சாதாரண சளியாக்கூட இருக்கும். மூக்குல கெட்டியா மஞ்சளா வருதா, சாப்பிடாம கெடக்குதா, அதப் பாருங்க. வாயத் தொறந்து மூச்சு விட்டா மட்டும் யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க. தூக்கிட்டு ஓடி வந்துடுங்க."

மூக்கைப் பார்த்தான். தண்ணீராகத்தான் இருந்தது.

மதியம் மஞ்சள்.

மூக்கு அடைத்தால் வாசனை தெரியாதாம். வாசனை தெரியாவிட்டால் பூனை சாப்பிடாதாம். வஞ்சிரம் வாங்கி வந்தான். தனக்கென்றால் மத்தியோடு நிறுத்திக்கொள்கிறவன். வேகவைத்து, ஆவி பறக்க, தட்டை பீரோவுக்கடியில் தள்ளினான்.

தாசில்தார் மனுவைப் பிரித்தே பார்க்கவில்லை.

தும்மியது.

வார்த்தை மறுபடியும் நாக்கு நுனி வரை வந்தது.

நூறு.

பிள்ளை தும்மினால் சொல்கிற வார்த்தை. நூறு வயசு இரு. அடுத்த தும்மலுக்கு இருநூறு. அதற்கும் அடுத்ததற்கு முன்னூறு.

இந்த வீட்டில் ஒரு குழந்தைக்கு ஐந்நூறு வரை சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கு நான்கு வயதுகூட முடியவில்லை.

அதன் பிறகு இங்கே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. தும்மல் வந்தால் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டிக்கொள்வார்கள்.

தரையிலிருந்து பார்க்க அவளுடைய பாதங்கள் தெரிந்தன. வாசல்படியோடு நின்றிருந்தன.

"சாப்புட்டுச்சா?"

"பசிக்கல போல. எங்கயாவது எலியப் புடிச்சிருக்கும்."

எலியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறிக்கொள்கிற பூனை அது. அவளுக்கும் தெரியும். அவள் சிரிக்கவில்லை.

போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான்.

வாய் திறந்திருந்தது.

கொட்டாவி என்று நினைத்தான். கொட்டாவி முடியட்டும் என்று காத்திருந்தான்.

முடியவில்லை. நாக்கின் நுனி வெளியே தெரிந்தது. விலா ஏறி ஏறி இறங்கியது.

அவனிடம் இருந்த வேடிக்கைப் பேச்செல்லாம் அந்த இடத்தில் தீர்ந்துபோனது.

காய்கறிக் கூடை. பழைய துண்டு. கையை உள்ளே விட்டு இழுத்தான். தொட்டாலே கீறுகிற பூனை. கீறவில்லை.

கீறியிருக்கலாம்.

வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டினான்.

கூடைக்குள்ளிருந்து தும்மல்.

ஒன்றே ஒன்று.

அவன் நின்றுவிட்டான்.

கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் அவள் யாரையும் வாசல் தாண்ட விட்டதில்லை. திரும்பி வர வேண்டும். உட்கார வேண்டும். ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். கீழ் வீட்டுக்காரருக்குச் சைனஸ். அவர் புண்ணியத்தில் அவன் ஆபீசுக்கு நேரத்தோடு போன நாட்கள் குறைவு.

இன்னொன்று வருமா என்று காதைத் தீட்டினான். இரண்டென்றால் தோஷம் இல்லை.

வரவில்லை.

அவளைப் பார்த்தான். கையில் தண்ணீர்ச் சொம்பு இருக்கும் என்று நினைத்தான்.

வீட்டுச் சாவி இருந்தது.

அவள் கூடையை அவனிடமிருந்து வாங்கினாள். துண்டை விலக்கி உள்ளே குனிந்தாள்.

"நூறு."

ரொம்ப நாளாகத் திறக்காத தாழ்ப்பாளைப் போல அந்தக் குரல் கரகரத்தது.

அவன் மறு காலுக்குச் செருப்பைத் தேடுவதற்குள் அவள் பாதிப் படி இறங்கியிருந்தாள். ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடினான்.

ஆட்டோவில் கூடை அவள் மடியில் இருந்தது. இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். முகம் சாலையைப் பார்த்திருந்தது.

"அடுத்தது நீங்க சொல்லணும்," என்றாள்.

அவன் குனிந்து கூடையின் ஓரமாகக் காதை வைத்தான். ஆட்டோ உறுமுவது மட்டும் கேட்டது.

சிக்னலில் வண்டி நின்றது.

"அண்ணே, இன்ஜின கொஞ்சம் ஆஃப் பண்ணுங்களேன்."

டிரைவர் கண்ணாடியில் இருவரையும் பார்த்தார். கூடையைப் பார்த்தார். ஏன் என்று கேட்காமல் அணைத்தார்.

இருநூறை வாயில் வைத்துக்கொண்டு அவன் காத்திருந்தான்.