எல்லையில் நிற்கும் மாமன்

கண்ணிவெடியில் வலது காலை இழந்த ஹவில்தார் தவசீலனை, இனி எல்லைக்கு அனுப்பத் தகுதியில்லை என்று மருத்துவக் குழு வீட்டுக்கு அனுப்பியது. கால் போனாலும் தம்பி வீட்டோடு இருப்பான் என்று அக்கா பேச்சியம்மாள் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆறே மாதத்தில் ராணுவ விதி மாறியது. வீட்டிலிருந்தே காவல் பார்க்க, மாடியறைக்கு நாற்காலியும் தலைக்கவசமும் வந்தன. அவன் கையை அசைத்தால் எல்லைப் பனிமலையில் இயந்திரச் சிப்பாயின் கை அசைந்தது.

இன்று அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடிக்காக ஆசாரி காத்திருந்தார்.

"கீழ வந்துட்டுப் போடா, ரெண்டு நிமிசம்தான்."

"லீவு கெடைக்கலக்கா. நான் எல்லையில நிக்கேன்."

பேச்சியம்மாள் ஆசாரியை மாடிக்கே கூட்டிவந்து, குழந்தையை அவன் மடியில் உட்கார வைத்தாள். காதில் குத்தியதும் பிள்ளை வீறிட்டது.

பனிமலையில் இயந்திரச் சிப்பாய் துப்பாக்கியைப் போட்டுவிட்டு, வெறுங்காற்றை மார்போடு அணைத்துத் தட்டிக்கொடுத்தது.