கடைசிப் பெட்டி

"தம்பி, ஒரு வரியில சொல்லுங்க. மெஷின் தப்பா, எங்க வம்சம் தப்பா?"

முதுகு சாயாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கர்ணன் கேட்டார். கோம்பை உறவின்முறைச் சங்கத்தின் தலைவர் அவர். எங்கே உட்கார்ந்தாலும் அப்படித்தான்.

"ஒரு வரியில சொல்ற புரோகிராமா இருந்தா நேத்தே வீட்டுக்குப் போயிருப்பேன்யா." ஆதித்தன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். "ஒரு புள்ளியை மாத்தினா ரெண்டு பக்கத்துக்குத் திட்டுது."

அந்தத் திட்டலில் பிழை எங்கே என்பதைக் காணோம். தகவலைப் போட்டுவைக்கும் பெட்டிகள்தான் எல்லாம்: வெக்டருக்குள் மேப், மேப்புக்குள் இன்னொரு மேப், அதற்குள் மறுபடி வெக்டர். இப்படி அடுக்கிய டெம்ப்ளேட்டின் பெயரே திரையை அடைத்துக்கொண்டு நின்றது.

"என்னதான் சொல்லுது?"

"ஒரு சாமானோட பேரைச் சொல்லுதுய்யா. அது யார் மகன், யார் பேரன், எந்தக் கூட்டம், பூராவும் சொல்லுது. என்ன கோளாறுன்னு மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்குது."

"அதுல என்ன குத்தம்? பேர்னா அப்படித்தான் சொல்லணும். நீங்க வெறும் ஆதித்தன்னு சொல்லிக்கிட்டு வந்தீக. சின்னமனூர் பேச்சிமுத்து மகன், நாங்க பொண்ணு கொண்டு கொடுக்கிற கூட்டம்னு நான்தானே தோண்டி எடுத்தேன்."

அந்தப் புரோகிராமை எழுதியவள் அவருடைய ஒரே மகள் யுவராணி. பெங்களூர் வேலைக்குப் போகும் முன் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் தட்டினால் 'முறை' என்றோ 'பங்காளி' என்றோ சொல்லும். முறை என்றால் கட்டிக்கொள்ளலாம்; பங்காளி என்றால் அண்ணன் தங்கை. பேச்சு அத்தோடு முடிந்தது.

வீரபாண்டித் திருவிழாவில் உறவின்முறை மொத்தமும் கூடியிருந்தபோது கர்ணன் எழுந்து சொல்லிவிட்டார்: "இனிமே மெஷின் சொல்றதுதான் முறை. என் வீட்டுக்கும் அதான்."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சரியாகவே சொன்னது. யுவராணிக்கு மட்டும் யாரைப் போட்டாலும் பங்காளி.

காபியோடு வந்தார் கர்ணனின் மனைவி கஸ்தூரியம்மாள். "நாலு பெரியவுகளைக் கேட்டு முடிங்கன்னு அப்பவே சொன்னேன். சபையில மீசையை முறுக்கினாக. இப்ப வந்த மாப்பிள்ளை எல்லாம் அண்ணனாப் போயிட்டாக. பிள்ளைக்கு வயசு மட்டும் ஏறுது."

"என் மக எழுதினதுல பிழைன்னா சபையில நானே சொல்லிட்டுத் தலைவர் நாற்காலியை விட்டு இறங்கிருவேன். பிழை இல்லையா, அது சொன்னபடிதான். சொன்ன வாக்கை வளைக்கிற சோலி இந்த வீட்டுல கிடையாது." நிமிர்ந்த முதுகுக்குள் குரல் மட்டும் தளர்ந்திருந்தது.

ஆதித்தன் மறுபடி திரைப் பக்கம் திரும்பினான். பிழை தேடும் டீபக்கரில் ஒரு பெட்டியைத் திறந்தால் உள்ளே இன்னொரு பெட்டி. அதன் பெயரைப் படிப்பதற்குள் நீளம் தாங்காமல் பாதியில் வெட்டிவிடும். எந்தப் பெட்டிக்குள் நிற்கிறோம் என்பதே மறந்து, முதலிலிருந்து இறங்க வேண்டும். நேற்று முழுக்க இதே சோலி.

"காலேஜ்லயே இப்படித்தான்யா. என்ன கேட்டாலும் நேராப் பதில் சொல்லாது இந்த யுவராணி."

"அவதான் ஒங்களைக் கூப்பிடச் சொன்னா. அம்புட்டு ஆழத்துக்கு இறங்க ஆதித்தனுக்குத்தான் பொறுமை உண்டுன்னா."

ஆதித்தன் இன்னொரு படி இறங்கினான். கடைசிப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே சின்னதாக ஒரே ஒரு வரி. படித்தான். காபியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தான்.

"கிடைச்சிருச்சா? தப்பா?"

"தப்பு இல்லைங்கய்யா. எழுதினவுக என்ன நினைச்சு எழுதினாகளோ, அதைத்தான் அது சொல்லுது."

கர்ணன் நெடுமூச்சு விட்டார். "அப்ப என் வாக்கும் நிக்கிது. இந்தச் சீமையில ஒருத்தனுக்காவது முறைன்னு சொல்லாமலா போயிரும்? அவன் எவனா இருந்தாலும் என் மக அவனுக்குத்தான். ஒங்களுக்குத் தெரிஞ்ச பேரா ஒண்ணு போடுங்க தம்பி, பார்ப்போம். மொட்டையாப் போடாதீக. ஊரு, தகப்பன் பேரோட போடுங்க."

யுவராணிக்கு எதிரே எவன் வந்தாலும் பங்காளி என்று விரட்டி, ஒரே ஒரு பெயருக்கு மட்டும் வழி விடும் அந்த வரியை ஆதித்தன் இன்னொரு முறை பார்த்தான். பிறகு நிதானமாகத் தட்டினான்: 'சின்னமனூர் பேச்சிமுத்து மகன் ஆதித்தன்.'