கண்ணை மூடி ஒரு படம்

ராயபுரத்தில் சாவு வீட்டுப் படம் என்றால் ஹென்றிதான். அதனாலேயே கல்யாணத்துக்கு அவனை யாரும் கூப்பிடுவதில்லை.

வியாகுலம்மாள் வெள்ளைச் சேலையில், விரல்களில் ஜெபமாலையுடன், கண்மூடிக் கட்டிலில் கிடந்தாள். மகன் ஜேக்கப் சுவரைப் பார்த்து நின்றான்.

"கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளு ஜேக்கப்பு. வெளிச்சம் மூஞ்சில சாய்ஞ்சி வுழணும்."

"சீக்கிரம் எடு ஹென்றி. என்னால பார்க்க முடியல."

"அவசரப்படாதே. உங்க நைனா செத்தப்போ ஆளாளுக்கு அவசரப்படுத்தி, வாயைத் தொறந்துகினு கீற மாரி எடுத்துட்டேன். அவருக்குனு கீற ஒரே படம் அதான்."

ஹென்றி அவள் தலைமாட்டில் கொஞ்சம் மல்லிகையை வைத்தான். முந்தானையைச் சரிசெய்தான். நிதானமாகப் படமெடுத்தான்.

"முடிஞ்சிது."

வியாகுலம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"வாய் மூடிகினு இருந்திச்சாடா?"

"மகாராணி மாரி கீறே அத்தே!"

"கேட்டியா ஜேக்கப்பு? நான் செத்தா இத்தத்தான் மாட்டணும். உங்க நைனா மாரி வாயைப் பொளந்துகினு நான் சுவத்துல தொங்க மாட்டேன்."

"உசுரோட கீறப்பவே இன்னாம்மா கூத்து இது!" என்று ஜேக்கப் தலையில் அடித்துக்கொண்டான்.

ஹென்றி மட்டும் கேமராவை மூடாமல் தயங்கி நின்றான்.

"அத்தே, ரோல்ல இன்னும் ஒண்ணு மிச்சம் கீது. கண்ணைத் தொறந்துகினு எடுக்கலாமா?"

"அது எதுக்குடா?"

"இத்தினி வருஷத்துல இந்தக் கேமராவைப் பார்த்து ஒருத்தரும் சிரிச்சதில்ல அத்தே."