ஒன்பது ஸ்பீடு பிரேக்கர்

"எறங்கு, எறங்கு! மேடு வருது!"

கார் நின்றது. பொற்கொடி கதவைத் திறந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். கார் ஸ்பீடு பிரேக்கரில் கோணலாக ஏறி இறங்கி, யூசுப் பாயின் வீல் அலைன்மென்ட் கடைக்குள் போயிற்று. அவள் கொளுத்துகிற வெயிலில் பின்னாலேயே நடந்து வந்தாள்.

வாசலில் நின்று பார்த்த யூசுப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் புருஷன் செங்குட்டுவன் நிலக்கரி மைன்ஸில் பெர்மனன்ட் வேலை. பதினாறாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ். வயசு அம்பத்தி மூணு. அந்த வயசில் மனுஷனுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்! நல்லா ஓடிக்கொண்டிருந்த காருக்குக் குட்டை ஸ்பிரிங் போட்டு, தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தார். மேடு வந்தால் அடி தட்டாமலிருக்கப் பொண்டாட்டி இறங்கணும். "இதுக்கு நடந்தே போயிடலாமே!" என்று பிளாக்கே சிரித்தது.

"பாய், டயர் ஒரு பக்கமா தேயுது. அலைன்மென்ட் பாருங்க."

யூசுப் காரை ரேம்பில் ஏற்றினார். டயரின் உள்பக்கம் தடவிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கம்பி வெளியே வந்திருந்தது.

"சார், போட்டு அஞ்சு மாசம்கூட ஆவல. வெளிப்பக்கம் புதுசு, உள்பக்கம் மொட்டை. இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா வடலூர் ரோட்டுல வெடிச்சிருக்கும்."

"அதுக்குத்தானே அலைன்மென்ட்..."

"என் மெஷின் என்ன மந்திரமா போடும்? காரை எறக்கினா சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாயும், உள்பக்கம்தான் தேயும். கொஞ்சம் சரி பண்ணலாம், முழுசா முடியாது. பழைய ஸ்பிரிங்கைப் போடுங்க. அரை நாள் வேலை."

"அது மட்டும் வேணாம் பாய்."

பொற்கொடி எதிர்க்கடையில் மோர் குடித்துக்கொண்டிருந்தாள். யூசுப்புக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"ஏன் சார், உங்களுக்கே நல்லாருக்கா? நீங்க ஸ்டைலா ஓட்டிக்கினு போவீங்க, தங்கச்சி வெயில்ல நடந்துகினு வரணுமா? எங்க வூட்டுல முனவராவை நான் இப்படி எறக்கி விட்டிருந்தேன்னு வைங்க, கார் சாவியைப் புடுங்கிக் கெணத்துல போட்டிருப்பா!"

செங்குட்டுவன் எதிர்க்கடையை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா பேசுங்க பாய். அவளுக்குச் சுகர். முந்நூறு. டாக்டர் நடக்கச் சொன்னாரு, முடியாதுன்னுட்டா. ஷூ வாங்கிக் கொடுத்தேன், பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா. கெஞ்சினேன், சண்டை போட்டேன், ரெண்டு நாள் சாப்பிடாமகூட இருந்து பாத்துட்டேன்."

"அப்புறம்?"

"எங்க வூட்டுலருந்து மெயின் பஜாருக்கு ஒன்பது ஸ்பீடு பிரேக்கர். போவ ஒன்பது, வர ஒன்பது. எறக்கிவிட்டு, ஓரமா நிறுத்த இடமில்லைன்னு ஒவ்வொரு தடவையும் நூறடி தள்ளித்தான் நிறுத்துவேன்." சட்டைப்பையிலிருந்து ஒரு ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். "போன வாரம் எடுத்தது. நூத்தி அறுபது பாய்! டயர் போனா போவுது."

சே, இந்த மனுஷனைப் போய் என்னென்னவோ பேசிட்டோமே என்று யூசுப் நாக்கைக் கடித்துக்கொண்டார். ரெண்டு டயரை மாற்றி, மெஷினில் எவ்வளவு சரிசெய்ய முடியுமோ அவ்வளவும் செய்தார்.

"மாசம் ஒரு தடவை காட்டிட்டுப் போங்க சார். ஸ்பிரிங் பேச்சையே எடுக்க மாட்டேன்."

கார் கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் ஸ்கூல் வாசல் மேடு. பொற்கொடி இறங்கி ஓரமாக நின்றாள். முன்சக்கரம் ஏறியதுதான் தாமதம், கத்த ஆரம்பித்தாள்.

"ஐயோ, தட்டுது, தட்டுது! அடியில தட்டுதுங்க!"

செங்குட்டுவன் பதறியடித்து இறங்கினார். தொப்பையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"எங்கடி?"

"அந்தப் பக்கம்!"

சுற்றிக்கொண்டு போய் அங்கேயும் குனிந்தார்.

"அங்க இல்லங்க, பின்னால!"

மூச்சு வாங்கப் பின்னால் போனார்.

நாம கை வைத்த வண்டியாச்சே என்று யூசுப் ஓடிவந்து தானும் குனிந்தார். அடியில் நாலு விரல் தாராளமாகப் போகும்போல இருந்தது.

"எங்கயும் தட்டலையே தங்கச்சி?"

பொற்கொடி உதட்டில் விரலை வைத்தாள்.

"சும்மா இருங்கண்ணே. டாக்டர் எக்சர்சைஸ் பண்ணச் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு, இவரு ஒரு நாள் பண்ணல. மேட்டுக்கு மூணு தடவை குனிய வெச்சுத்தான், இப்ப பேண்ட்டு ரெண்டு இஞ்ச் லூசாயிருக்கு!"